அன்று மூக்கு, இன்று எண்

1951 மே 29, இரவு ஒன்பதரை மணி வாக்கில் பம்பாயில் கொலாபா பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப், சாலையில் நடந்துபோன மூன்று பேரை மோதித் தள்ளியது. ஓட்டியவர் வாயில் மது வாடை. போலீஸ் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது. அவர் பெயர் பெஹ்ராம் குர்ஷித் பெசிகாகா. என்ன உத்தியோகம் என்கிறீர்களா? பம்பாய் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், அதாவது ஆர்.டி.ஓ. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கும் நாற்காலியில் இருந்தவர்.

சோதித்த மருத்துவர் எழுதியதைப் பாருங்கள். மது வாடை வருகிறது, கண் சிவந்திருக்கிறது, கண்மணி ஓரளவு விரிந்திருக்கிறது. ஆனால் பேச்சில் குழறல் இல்லை, நேர்க்கோட்டில் நடக்கிறார், ஒழுங்காக நடந்துகொள்கிறார். ஆகவே ஏதோ ஒரு வடிவில் மது உள்ளே போயிருக்கிறது, ஆனால் ஆள் போதையில் இருப்பதாகத் தெரியவில்லை. பம்பாயில் அப்போது மதுவிலக்கு, குடித்ததே குற்றம். பெசிகாகாவோ, தான் குடித்தது சாராயம் அல்ல, மது கலந்த ஒரு டானிக் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்ளே போனது தடைசெய்யப்பட்ட மதுதான் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை, மருந்து என்று நிரூபிப்பது குற்றம்சாட்டப்பட்டவரின் வேலை அல்ல என்று சொல்லி 1954-ல் அவரை விடுவித்தார்கள். அவர் மீது கடைசிவரை ஓடியது குடித்த வழக்குதான். மூன்று பேர் அடிபட்டதற்கான தண்டனை எதுவும் நிலைக்கவில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள் ஒரு காலத்தில் எப்படி நடந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எல்லாமே அபிப்பிராயம். போலீஸ்காரரின் மூக்கு ஒன்று சொல்லும், மருத்துவரின் கண் ஒன்று சொல்லும், வக்கீல் இரண்டுக்கும் நடுவில் புகுந்து ஆளை வெளியே கொண்டுவந்துவிடுவார்.

சென்னை மாகாணமும் அப்படித்தான் இருந்தது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 வாக்கில் மாகாணம் முழுவதும் பரவிவிட்டது. 1971-ல் கருணாநிதி அரசு கடையைத் திறக்கும்வரை, பெர்மிட் இல்லாதவன் குடித்தால் அதுவே வழக்கு. அதனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது என்று தனியாக ஒரு குற்றம் இருப்பதே பலருக்குத் தெரியாது. கார் வைத்திருந்தவர்கள் சொற்பம். அதில் பெர்மிட் வைத்திருந்தவர்கள் இன்னும் சொற்பம். மற்றபடி இரவில் தள்ளாடிப் போகிறவன் மீது சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் ஒரு பெட்டி கேஸ் போட்டால் வேலை முடிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் 510 என்று ஒரு பிரிவு இருந்தது: குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் இருபத்து நான்கு மணி நேரம் வரை சிறை, அல்லது பத்து ரூபாய் வரை அபராதம். மெக்காலே வகையறா 1860-ல் நிர்ணயித்த அந்தப் பத்து ரூபாய் 2024 ஜூன் மாதக் கடைசிவரை அதே பத்து ரூபாயாக இருந்தது. ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து அதை ஆயிரமாக்கி, சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்தது.

வண்டி ஓட்டியவனுக்கென்று இருந்தது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு. அது கேட்டது ஒரே கேள்வி: வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்குப் போதையில் இருந்தானா? எவ்வளவு குடித்தான் என்ற கேள்வியே அதில் கிடையாது. ஐந்து பெக் போட்டுவிட்டு நேராக ஓட்டுகிறவன் அந்தச் சட்டத்தின்படி யோக்கியன். அரை கிளாஸில் தடுமாறுகிறவன் குற்றவாளி.

நிரூபிப்பதற்கு ஜி.எச். மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். நடக்கவிட்டுப் பார்ப்பார், கண்ணில் வெளிச்சம் அடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், பெயரை எழுதச் சொல்வார். கடைசியில் இரண்டு வாக்கியங்களில் ஒன்று வரும். ‘மது அருந்தியுள்ளார், போதையில் உள்ளார்’ என்பது ஒன்று. ‘மது அருந்தியுள்ளார், போதையில் இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டாவது வாக்கியம் கையில் கிடைத்துவிட்டால் வக்கீலுக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த இரண்டாவது வாக்கியம் எப்போதும் மருத்துவக் காரணங்களால் மட்டுமே எழுதப்பட்டது என்று நம்புகிறவர்கள் அந்தக் கால ஜி.எச். வாசலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வாக்கியம் கிடைத்தாலும் பல வழக்குகள் நிற்கவில்லை. பச்சுபாய் ஹசனலி கர்யானி என்பவரின் வழக்கில், 1971-ல், உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. வாயில் நெடி, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறல் பேச்சு எல்லாம் மருத்துவர் கண்டதுதான். ஆனால் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படவில்லை. குடித்தவனிடம் வாடை வரும், ஆனால் வாடை வருகிறவன் எல்லாம் போதையில் இருப்பதில்லை. சற்று முன்தான் விபத்தில் சிக்கியவனுக்கு நடை தடுமாறத்தானே செய்யும்? போதை நிரூபணமாகவில்லை என்றது தீர்ப்பு.

இத்தனைக்கும் இரத்தத்தைச் சோதிக்கும் வசதி நம்மிடம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-லேயே சென்னையில் வந்துவிட்டது. இன்றைய தடய அறிவியல் துறையின் மூதாதை அது. ஆனால் சாலையில் மறித்த ஒவ்வொருவனின் இரத்தத்தையும் சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்ப எந்த இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இருக்கும்?

ஊதிப் பார்க்கும் கருவி அமெரிக்காவில் 1954-ல் வந்தது. இண்டியானா மாநிலப் போலீஸில் வேலை பார்த்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் செய்தது. பெசிகாகா விடுதலையான அதே ஆண்டு. பிரிட்டன் 1967-ல் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கான பிரிவுகளைப் படித்தால் பிரிட்டிஷ் சட்டத்தின் சாயல் அப்படியே தெரியும். முதலில் 185-ஆம் பிரிவு, இரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994-ல் திருத்தினார்கள்: நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். வண்டி நேராகப் போனதா, பேச்சு குழறியதா என்ற கேள்விகள் அன்றோடு தேவையற்றுப் போயின. எண் வந்துவிட்டது. வண்டியை நன்றாக ஓட்டினேன் என்று சொல்லி இனி யாரும் தப்ப முடியாது. 31 என்றால் குற்றம், 29 என்றால் வீட்டுக்குப் போகலாம்.

இந்த மாற்றம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூக்கை நம்பியிருந்த காலத்தில் வசதி உள்ளவன் தப்பினான், வக்கீல் வைக்க முடியாத லாரி டிரைவர் மாட்டினான். எண் ஆள் பார்க்காது. ஆனால் எண் வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. வழக்கு என்பதே மறைந்து, வெறும் கட்டணம் போல ஆகிவிட்டது.

இப்போது ஒரு சனிக்கிழமை இரவை எண்ணிப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் சென்னையின் பெரிய சாலைகளில் தடுப்பு போட்டிருப்பார்கள். “தம்பி, வண்டிய ஓரங்கட்டு. ஊது.” “சார், ஒரு பீர்தான் சார், அதுவும் சாயங்காலம்...” “ஊதுப்பா முதல்ல.” கருவி கிறீச்சிடும். சீட்டு வரும். எண் அதில் அச்சாகியிருக்கும். “டி.டி. கேஸ்” என்று முடிவாகிவிடும். வண்டி ஸ்டேஷனுக்குப் போகும், லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போகும், ஆள் ஆட்டோவில் வீட்டுக்குப் போவான். சில நாள் கழித்து நீதிமன்றத்தில் பத்தாயிரம் கட்டுவான். நண்பர்களிடம் சொல்லும்போது “ஃபைன் கட்டிட்டேன்” என்பான்.

சிக்கல் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை; அவன் செய்த காரியத்தில் இருக்கிறது. ஹெல்மெட் போடாததற்குச் சாலையில் பணம் கட்டி முடிக்கலாம். அப்படிக் கட்டி முடிக்கக்கூடிய குற்றங்களைச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் 185 இல்லை. குடித்துவிட்டு ஓட்டியதற்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. நீதிமன்றத்தில் அவன் கட்டியது கட்டணம் அல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டிக்கப்பட்டான். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது பதினைந்தாயிரம் அல்லது இரண்டும். 2019 செப்டம்பருக்கு முன் அபராதம் இரண்டாயிரத்தையும் மூவாயிரத்தையும் தாண்டாது. அதோடு, முந்தைய குற்றம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால்தான் அது ‘அடுத்த தடவை’. 2019 திருத்தம் அந்த மூன்று ஆண்டுக் கெடுவையும் எடுத்துவிட்டது. இருபத்து மூன்று வயதில் அவசரமாக ஒப்புக்கொண்டது, நாற்பது வயதில் மாட்டும்போது ‘முதல் தடவை’ என்ற சலுகையைப் பறித்துவிடும்.

இப்போது உரிமைகளுக்கு வருகிறேன். 1988 சட்டம், கருவியை நம்பி ஒரு மனிதனைத் தண்டிக்கும் முன் சில காப்புகளையும் கூடவே எழுதிவைத்தது. சீருடையில் இருக்கும் காவலர் அல்லது மோட்டார் வாகனத் துறை அலுவலர்தான் ஊதச் சொல்லலாம், அதற்கும் நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். 202-ஆம் பிரிவின்படி கைது செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் சோதிக்க வேண்டும். தவறினால் ஆளை விட்டுவிட வேண்டும். 203-ஆம் பிரிவு, கைதாகி ஸ்டேஷனில் இருப்பவருக்கு அங்கே மறுபடி ஊதிக் காட்ட வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. 204-ஆம் பிரிவு இரத்தச் சோதனைக்கு வழி சொல்கிறது. சோதிக்கப்படுபவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், இன்னொரு பெண் அருகில் இல்லாமல் இரத்தம் எடுக்கக் கூடாது. விபத்தில் அடிபட்டு உள்நோயாளியாகக் கிடப்பவரை, சிகிச்சை தரும் மருத்துவருக்குச் சொல்லாமல் ஊதச் சொல்ல முடியாது. நோயாளிக்குக் கெடுதல் என்று மருத்துவர் தடுத்தால் போலீஸ் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள்! ஆனால் இவற்றில் முக்கியமானவை எல்லாம் கைதில் தொங்குகின்றன. இன்று சாலையில் பெரும்பாலும் யாரையும் முறைப்படி கைது செய்வதில்லை. வண்டியை வாங்கிக்கொண்டு, சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கைது ஆகவில்லையே என்று அவனுக்கு நிம்மதி, விடிய விடிய ஜி.எச். வாசலில் நிற்க வேண்டாமே என்று போலீஸுக்கும் நிம்மதி. ஆனால் கைது இல்லாததால் இரண்டு மணி நேரக் கெடு இல்லை, ஸ்டேஷனில் மறு சோதனை இல்லை, இரத்தமும் இல்லை. சாலையோரத்தில் ஒரு கருவி ஒரு தடவை சொன்ன எண்ணே ஆதாரம், அதுவே தீர்ப்பு. அன்று ஒரு மருத்துவர், ஒரு மாஜிஸ்திரேட், தேவைப்பட்டால் உச்ச நீதிமன்றம் என்று நடந்த விசாரணை இன்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அன்றைய அபிப்பிராய ஆட்சியில் குற்றவாளிகள் தப்பினார்கள் என்றால், இன்றைய எண்ணின் ஆட்சியில் எதிர்த்துக் கேட்க முடியும் என்பதே மறந்துபோய்விட்டது.

கருவி தவறுமா என்று கேட்கலாம். கருவி இரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, இரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. மூச்சுக்கும் இரத்தத்துக்கும் 2100-க்கு 1 என்ற சராசரி விகிதம் அந்தக் கணக்கின் அடிப்படை. ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும். இப்போதுதான் ஒரு மிடறு குடித்தவன் வாயிலேயே ஆல்கஹால் தங்கியிருக்கும். மவுத்வாஷ், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து எல்லாம் அப்படித்தான். பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊதினால் உண்மை தெரிந்துவிடும். 2025-ல் கேரளத்தின் பந்தளத்தில், அரசுப் பேருந்துப் பணிமனையில் காலையில் ஊதிப் பார்த்தபோது குடிக்காத ஓட்டுநர்கள் மாட்டினார்கள். விசாரித்தால், நன்றாகப் பழுத்த பலாச்சுளை! நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். சிரிக்கலாம், ஆனால் சாலையில் மாட்டியவன் பலாப்பழம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்குத்தான் மறு சோதனை. கருவி குறித்த காலத்தில் சரிபார்க்கப்பட்டதா, உங்களுக்கு முன் ஊதியவரின் மூச்சு போய்க் கருவி சுழியத்துக்கு வந்ததா, புதுக் குழல் மாட்டினார்களா என்று கேட்பது திமிர் அல்ல. நீதிமன்றத்தில் எந்த வக்கீலும் முதலில் கேட்கும் கேள்விகள் இவை.

குடித்தவனுக்குத் தப்பும் வழி சொல்லிக் கொடுக்கிறேன் என்று யாராவது நினைத்தால், அடுத்து சொல்வதையும் படிக்கட்டும். ஊதமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்பது உரிமை அல்ல. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறதே என்பார்கள். உடலிலிருந்து எடுக்கும் தடயம் சாட்சியம் ஆகாது என்று காத்தி காலு ஒகாட் வழக்கில் 1961-லேயே பதினொரு நீதிபதிகள் அமர்ந்து சொல்லிவிட்டார்கள். மறுத்தால் போலீஸ் கைது செய்யலாம், இரத்தம் கேட்கலாம். அதையும் மறுத்தால் 205-ஆம் பிரிவின்படி அந்த மறுப்பே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளப்படும். தப்ப வழி என்று நினைப்பது அப்படியே பொறியாகிவிடும்.

காலம் கடத்தினால் எண் இறங்கிவிடும் என்று ஒரு கணக்கு உண்டு. உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் குறைக்கும். இதில் மறுநாள் காலைதான் ஆபத்து. நள்ளிரவில் 150-ல் இருந்தவன் காலை ஏழு மணிக்கும் 45-ல்தான் இருப்பான். தூங்கி எழுந்து, குளித்து, விபூதி பூசி, பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவன் அப்போதும் சட்டப்படி குடிபோதை ஓட்டுநர்தான்.

கைது செய்தாலும் பயப்பட வேண்டியதில்லை. இது பிணையில் விடத்தக்க குற்றம். ஜாமீன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், தயவு அல்ல. ஏன் பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். வண்டி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. வண்டியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் தரும் 207-ஆம் பிரிவில் குடிபோதைக் குற்றம் இல்லை. கைது செய்த ஓட்டுநரின் வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தலாம் என்று மட்டும் 202 சொல்கிறது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் இதைத் தெளிவாகவே சொன்னது: கூட வந்தவர் குடிக்காதவர், லைசென்ஸ் உள்ளவர் என்றால் அவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் உறவினரையோ நண்பரையோ வரச்சொல்லிக் கொடுங்கள், யாருமே இல்லாவிட்டால் மட்டும் ஸ்டேஷனில் வைத்திருந்து, பிறகு உரியவரிடம் ஒப்படையுங்கள். அந்தத் தீர்ப்பு நம் ஊர்ப் போலீஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லலாம்.

கூட வந்தவர் குடித்திருந்தால்? அன்று பின்சீட்டுக்காரனுக்கு எந்தக் கவலையும் இல்லை. சாட்சியாகக்கூடக் கூப்பிட மாட்டார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 188-ஆம் பிரிவைத் தூசி தட்டி எடுத்தது. குற்றத்துக்கு உடந்தை என்று சொல்லி, குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறியவர் மீதும் வழக்கு, அவருக்கும் பத்தாயிரம். நண்பனைத் தனியாக விடக் கூடாதே என்று பின்னால் ஏறி உட்கார்ந்தவனுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. சாவியைப் பிடுங்குவதும் நட்புதான்.

லைசென்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அடி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. போலீஸ் கைப்பற்றிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ.விடம் போகும். அவர் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம், அடுத்த தடவை லைசென்ஸையே ரத்து செய்யலாம். ஆனால் உங்களை அழைத்து, உங்கள் தரப்பைக் கேட்டு, காரணம் எழுதித்தான் செய்ய வேண்டும். முப்பது நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. தபாலில் வரும் அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் டி.வி. மேல் வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மறுபக்கம் நீதிமன்றம். குற்றவாளி என்று தீர்ப்பளித்தால், 20-ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம் ஓட்டும் தகுதியைப் பறிக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. டாக்ஸி, லாரி ஓட்டிப் பிழைக்கிறவருக்குப் பத்தாயிரத்தைவிட இதுதான் பெரிய அடி. போலீஸ் தந்த ரசீதைக் காட்டி அதுவரை ஓட்டலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. முடியாது. ரசீது ஓட்டும் உரிமை தராது.

இன்ஷூரன்ஸ் நிலவரம் அன்றைக்கும் இன்றைக்கும் தலைகீழ். விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும் என்ற நிம்மதியில் பலர் இருந்தார்கள். குடித்து ஓட்டியதைக் காரணம் காட்டி கம்பெனி எதிர்வாதம் செய்ய 2019 திருத்தம் சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டது. நீதிமன்றங்கள் அடிபட்டவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் வசூலிக்கக் கம்பெனிக்கு அனுமதி தருவது வழக்கம். இலட்சக்கணக்கில் போகும் தொகை அது. வீடு வாசலைக் கேட்கும். சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் தர மறுக்கவோ கம்பெனிக்கு ஊதிய சீட்டுகூடத் தேவையில்லை. டெல்லி இந்தியா கேட் அருகே 2007-ல் நொறுங்கிய ஒரு போர்ஷே காரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் இதைச் சொன்னது. சோதனை முடிவு இல்லாவிட்டாலும், சூழ்நிலையை வைத்துக் குடித்திருந்ததை இன்ஷூரன்ஸ் கம்பெனி நிரூபிக்கலாம். 1971-ல் மூக்கை நம்பக் கூடாது என்று சொன்ன அதே நீதிமன்றம்தான். குற்ற வழக்கில் வேண்டிய நிரூபணம் வேறு, பண வழக்கில் வேண்டியது வேறு.

உயிர் போய்விட்டால் மாற்றம் இன்னும் பெரிது. ஒரு காலத்தில் எத்தனை பேர் செத்தாலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவுதான். அஜாக்கிரதை மரணம், இரண்டு ஆண்டுக்கு மேல் கிடையாது. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பெரேராவுக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணக் குற்றமாக மாற்றி மூன்று ஆண்டு விதித்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குடித்துவிட்டு அப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டியவனை அஜாக்கிரதைக்காரன் என்று மட்டும் எப்படிச் சொல்வது என்பதே அதன் சாரம். அதே ஆண்டு, 1999-ல் டெல்லியில் ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ வழக்கிலும் அப்படியே முடிவானது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதை மரணத்துக்கே ஐந்து ஆண்டு. 105-ஆம் பிரிவுக்குப் போனால் பத்து ஆண்டு வரை.

தண்டனைக்கு வெளியேயும் விளைவுகள் உண்டு. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பத் தவம் கிடக்கும் ஊர் இது. கடந்த ஐந்து ஆண்டில் குடித்து ஓட்டியதற்காக ஒரு கைது இருந்தாலே விசா அதிகாரி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் விதி. அங்கே போன பிறகு மாட்டினால் விசாவையே ரத்து செய்வதுண்டு. படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த பையன் பார்ட்டியில் இரண்டு பீர் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது இதெல்லாம் அவன் நினைவில் வராது.

அரசின் பங்கைப் பேசாமல் விட முடியாது. மதுவை விற்கும் கை 1983 முதல் டாஸ்மாக். 2003 முதல் சில்லறைக் கடையும் அரசின் கையிலேயே. விற்பனையும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு. இந்தக் கேலி பழசாகிவிட்டது. ஆனால் இது வெறும் கேலியோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வழக்கறிஞர் கே. பாலு கொண்டுபோன வழக்கில்தான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் நாட்டுக்கே உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்து, பிறகு நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். ஓட்டுகிறவனை எண் கொண்டு அளக்கும் சட்டம், விற்கிறவனை மீட்டர் கொண்டு அளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டது.

நீதிமன்றங்களும் வேறு வழிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. 2022-ல் குடித்து ஓட்டி விபத்து ஏற்படுத்திய ஓர் இளைஞருக்கு ஜாமீன் கொடுத்தபோது, அடையாறு சிக்னலில் நின்று குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பத்தாயிரத்தை அப்பா கட்டிவிடலாம். சிக்னலில் அப்பா நிற்க முடியாது.

குடித்திருந்தால் ஓட்டாதீர்கள், கால் டாக்ஸிக்கு ஆகும் இருநூறு, முந்நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் கணக்குப் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்காமலே மாட்டினால், அல்லது எண் தவறு என்று நம்பினால், அங்கேயே மறுபடி ஊதிக் காட்டக் கேளுங்கள், ஸ்டேஷனிலும் கேளுங்கள், இரத்தச் சோதனைக்குத் தயார் என்று எழுதிக் கொடுங்கள். இரத்தம் எடுக்கும் இடத்தைச் ஆல்கஹால் கலந்த ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். கருவி தந்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எதையும் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லை என்று விட்டுவிட வேண்டாம். கைதாகிக் காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.